சாந்தாமணியக்கா வீட்டுத் தேங்க்ஸ்கிவிங்

சாந்தாமணியக்காவப் பத்தி நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. அமெரிக்கால பிஸ்கட்டவேங்கற ஊர்ல ஒரு டேகேர்ல ஊரான் புள்ளைகளுக்கு மூக்கு சிந்தி விட்டே வயசு போன பொம்பளை. பேப்பர்ல படம் வர்ற ஆளில்ல. ஆனா எங்க பக்கத்துத் தமிழ் ஜனத்துல பாதிப் பேரு, இந்த நாட்டுக்கு வந்த புதுசுல, நவம்பர் குளிர்ல ஒரு வாய் சுடு சோறு தின்னது அவங்க வீட்லதான். அந்தப் பாதிப் பேர்ல நானும் ஒருத்தி. போன தேங்க்ஸ்கிவிங்குக்கு அந்த வீட்ல நடந்தத யார்கிட்டயாச்சும் சொல்லியே ஆகோணும், இல்லீன்னா எனக்கு வயித்தெரிச்சல் அடங்காது.

அக்காவுக்கு ஊரு காங்கேயம் பக்கம். வீட்டுக்காரரு செல்வராஜண்ணன் மருந்துக் கம்பெனில கெமிஸ்ட். மூணு வயசுப் பையன் ரஞ்சித்குமாரத் தூக்கிட்டு இங்க வந்து எறங்கினப்ப கார் கெடையாது, தெரிஞ்ச மூஞ்சின்னு ஒண்ணு கெடையாது. நவம்பர் மாசம் ஒரு வியாழக்கெழமை வீட்ல பால் தீந்து போச்சு. அன்னைக்குத் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை, கடையெல்லாம் அடைச்சிருக்கும்னு யாரு சொல்லித் தருவாங்க? புள்ளைய ஸ்ட்ரோலர்ல வெச்சுத் தள்ளிட்டு ரெண்டு பேரும் நடந்தே போயிருக்காங்க. பூட்டின கடை வாசல்ல நின்னு பாத்துட்டுத் திரும்பி வர்றப்ப, வழியெல்லாம் ஒவ்வொரு வீட்டு முன்னாலயும் நாலஞ்சு கார் நிக்குது. ஜன்னல்ல வெளிச்சம், உள்ள கூட்டம், சிரிப்பு.

"அன்னைக்கு அவரு ஒரே ஒரு வார்த்ததான் சொன்னாரு அம்மிணி. நம்ம வீடும் நாலு பேரு வந்து போற வீடா இருக்கோணும் சாந்தான்னாரு." அக்கா இதச் சொல்லாத வருசமே இல்ல. நாங்களும் வேணும்னே, "அக்கா, அந்தப் பால் கதையச் சொல்லுங்க"ன்னு வம்பிழுப்போம். அக்காவும் புதுசாச் சொல்ற மாதிரியே முதல்லருந்து சொல்லுவாங்க.

வீடு வாங்கின வருசத்துலருந்து தேங்க்ஸ்கிவிங் அங்கதான். அழைப்புன்னு ஒண்ணு கெடையாது. ஃபோன் பண்ண மாட்டாங்க, மெசேஜ் போட மாட்டாங்க. மத்தியானம் செல்வராஜண்ணன் கராஜ் ஷட்டரத் தூக்கி விடுவாரு. போக எடமில்லாத யாரு வேணும்னாலும் வரலாம். படிக்க வந்த பசங்க, புதுசா வேலைக்குச் சேந்து விசா டென்ஷன்ல இருக்கறவங்க, மக பிரசவத்துக்கு வந்துட்டு இங்கிலீஷ் டிவிய வெறிச்சுப் பாத்துட்டு உக்காந்திருக்கற அப்பா அம்மாவுக. செருப்ப கராஜ்ல கழட்டிட்டு நேரா சமையல்கட்டுக்குள்ள பூந்தர வேண்டியதுதான்.

வீட்ட ஒரு ஆளு எப்படிச் சொகுசா வெக்கறதுன்னு அக்காகிட்டத்தான் பாக்கோணும். ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே கார்ப்பெட்டக் கழுவியாச்சு. வெள்ளை பல்பையெல்லாம் கழட்டிட்டு மஞ்ச பல்பு மாட்டுவாங்க, கேட்டா "வெள்ளை லைட்டுல உக்காந்தா ஆஸ்பத்திரில உக்காந்த மாதிரி இருக்குது"ம்பாங்க. டேகேர்ல கூட வேலை பாத்த ஒரு அமெரிக்காக்காரி சொல்லிக் குடுத்தான்னு பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோலு எல்லாத்தையும் தண்ணில போட்டு அடுப்புல கொதிக்க வெப்பாங்க, வீடு மணக்கறதுக்கோசரம். செல்வராஜண்ணன் மூக்க உறிஞ்சிட்டு, "யாரு வீட்லயோ குருமா கொதிக்குது, நம்ம வீட்லதான் ஒண்ணுமில்ல"ன்னு கிண்டல் பண்ணுவாரு. அன்னைக்கு இந்த ஊர்க்காரங்க திங்கற வான்கோழி, அந்த டர்க்கிய மோர்ல ஊறப் போட்டு மொளகு, வரமொளகா அரைச்சுத் தடவுவாங்க. கிரான்பெர்ரிங்கற புளிப்புப் பழத்துல தொக்கு. அதுக்கு மேல ஒரு அண்டா பிரியாணி, டர்க்கியத் தொடாத ஆளுகளுக்கு.

எல்லாத்தையும் விட எனக்குப் புடிச்சது போர்வை. வாசல்ல கார் நிக்கற சத்தம் கேட்டா போதும், அக்கா ஓடிப் போயி மடிச்சு வெச்ச போர்வையத் துணி காய வெக்கற ட்ரையர்ல போட்டுச் சித்த நேரம் ஓட விடுவாங்க. குளிர்ல வெறைச்சுட்டு உள்ள வர்ற ஆளு மேல அந்தச் சூட்டோட போத்தி விடுவாங்க. நான் மொத வருசம் வந்தப்ப, முன்ன பின்ன தெரியாத பொம்பளை இப்படிப் போத்தி விட்டதும் ஓன்னு அழுதுட்டேன். அக்கா கண்டுக்காம, "தொக்கு காரமா இருக்குதான்னு பாத்துச் சொல்லு அம்மிணி"ன்னு கரண்டிய நீட்டினாங்க.

போன வருசம் பிப்ரவரில செல்வராஜண்ணன் கராஜ் முன்னால ட்ரைவ்வேல பனிய வாரித் தள்ளிட்டு இருந்தவரு அப்படியே சாஞ்சுட்டாரு. நல்ல மனுசன், ஒருத்தர ஒரு சுடுசொல் சொன்னதில்ல. எடுக்கறது எரிக்கறது எல்லாம் ஃப்யூனரல் ஹோம்லயே முடிஞ்சது, வீட்டுக்குக் கொண்டு வரல. ஊரே அங்க வந்து நின்னு அழுதுட்டுப் போச்சு. ரஞ்சித் டெக்சாஸ்ல இருக்கறான், அவன் அம்மாவக் கையோட கூட்டிட்டு, அஸ்தியக் கரைக்கறதுக்குப் பவானி கூடுதுறைக்குப் போயிட்டான். அக்கா திரும்பி வந்தப்ப வசந்தம் வந்துருச்சு. அவங்கவங்களுக்கு வேலை, புள்ளைக, சாக்கர் கிளாஸ். ஃபோன்ல "எப்படி இருக்கீங்க ஆன்ட்டி"ன்னு கேட்டவங்க நெறையப் பேரு. அந்த வீட்டுப் படியேறினவங்க என்னைத் தவிர ஒருத்தரும் இல்ல.

ரஞ்சித் தங்கமான பையன். இங்கயே வளந்ததால தமிழு எல்லாம் புரியும், பேச்சு மட்டும் பாதி இங்கிலீஷ்ல வரும், அவ்வளவுதான். வீட்ட வித்துட்டு நீ எங்கூட வந்துரும்மான்னு ஆடி மாசத்துலருந்து கேட்டுட்டே இருந்தான். ஒரு நாள் நான் சமையல்கட்டுல இருக்கறப்ப ஸ்பீக்கர்ல அக்கா அவன்கிட்டச் சொன்னாங்க. "தேங்க்ஸ்கிவிங் வரைக்கும் பொறு சாமி. ஜனம் எப்பவும் போல வந்துச்சுன்னா இது உங்கப்பா வெச்சுட்டுப் போன வீடு, நான் இங்கயே கெடக்கறேன். யாரும் வரலீன்னா நீ சொல்ற மாதிரி மூட்டையக் கட்டிட்டு வந்தர்றேன்." அவனும் "டீல்"ன்னுட்டான்.

"ஏனுங்க்கா, இன்னும் வருசம் திரும்பலையே?"ன்னு தயங்கித் தயங்கிக் கேட்டேன். எங்க பக்கம் ஒரு சாவு விழுந்தா வருசம் முடியற வரைக்கும் அந்த வீட்ல பண்டிகை கெடையாது. தீபாவளிக்கு அக்கா ஒரு வெளக்குக் கூட ஏத்தல, எண்ணெச் சட்டி வெக்கல.

அக்காவுக்குச் சுருக்குன்னு வந்துருச்சு. "பொங்கலும் தீபாவளியும்தான் நம்மளுது. இது அமெரிக்காக்காரன் பண்டிகை. டர்க்கிக்கு என்னடி தீட்டு?"ன்னாங்க. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அவங்களும் சிரிச்சுட்டாங்க. அவரு போனதுக்கப்பறம் அக்கா வாய் விட்டுச் சிரிச்சு நான் பாத்தது அன்னைக்குத்தான்.

மெசேஜாவது போடலாம்னு சொன்னேன். ஒத்துக்கல. "இத்தன வருசம் ஒருத்தரையும் கூப்பிட்டதில்ல. இப்பக் கூப்பிட்டா, அந்தம்மா பாவம் தனியா இருக்குது, வாங்க போலாம்னு வருவாங்க. எனக்கு அப்படி ஒருத்தரும் வர வேண்டாம்."

கார்ப்பெட் கழுவினாங்க, பல்பு மாத்தினாங்க. ஹால்ல மாலை போட்டு வெச்சிருந்த அண்ணன் படத்துக்கு முன்னால மட்டும் ரொம்ப நேரம் நின்னாங்க. அப்பறம் அதத் தொடைச்சு, மாடில சாமி ரூமுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. "வர்றவங்க முகம் சுண்டிறக் கூடாதில்ல. அவருக்கும் அதுதான் புடிக்கும்." சொல்லிட்டு என்ற மூஞ்சியப் பாத்தாங்க, சரிதானான்னு கேக்கற மாதிரி. நான் "சரிதானுங்க்கா"ன்னேன். படம் இருந்த எடத்துல சுவரு வெறிச்சுன்னு இருந்துச்சு.

தேங்க்ஸ்கிவிங் அன்னைக்கு எங்க வீட்டுக்காரரு ஊருக்குப் போயிருந்ததால நான் மட்டும் மத்தியானமே போயிட்டேன். ரஞ்சித் மொத நாளே வந்துட்டான், அவன் பொண்டாட்டி மாசமா இருக்கறதால வரல. அவன்தான் கராஜ் ஷட்டரத் தூக்கி விட்டான். வீடு அப்படி ஒரு அழகு. மஞ்ச வெளிச்சம், பட்டை வாசம், சோபா மேல போர்வை அடுக்கு, டேபிள் கொள்ளாத சாப்பாடு. ரஞ்சித் டிவில ஃபுட்பால் போட்டுச் சத்தம் வெச்சான். அவங்கப்பாவும் அப்படித்தான் வெப்பாரு.

ஒரு கார் போற சத்தம் கேட்டுச்சு. அக்கா ஓடிப் போயிப் போர்வைய ட்ரையர்ல போட்டாங்க. அது பக்கத்து வீட்டுக் கார். போர்வைய எடுத்து மடிச்சு வெச்சாங்க. கொஞ்ச நேரத்துல இன்னொரு சத்தம், மறுபடியும் ட்ரையர். அதுவும் தாண்டிப் போயிருச்சு. மூணாவது தடவை ரஞ்சித் எந்திரிச்சுப் போயி, "அம்மா, ப்ளீஸ், சிட் டவுன்"னு கையப் புடிச்சு உக்கார வெச்சான். அவன் கண்ணு கலங்கியிருந்துச்சு. ஜெயிக்கப் போறவனே அவன்தான், ஆனா அவனுக்கே அந்த ஜெயிப்புப் புடிக்கல.

இருட்டுக் கட்டற நேரம் ஆச்சு. எனக்குப் பொறுக்கல. துணி தொவைக்கற ரூமுக்குள்ள போயிக் கதவச் சாத்திட்டு மகிழனுக்கு ஃபோன் போட்டேன். படிக்க வந்த காலத்துலருந்து வருசா வருசம் அக்கா வீட்ல மூணு தட்டு பிரியாணி திங்கற பையன், இப்பக் கல்யாணமாகி வேலைல இருக்கறான். எடுத்தான். பின்னால ஒரே பாட்டு, சிரிப்பு.

"எங்கடா இருக்கற?"

"யாமினி வீட்லக்கா. எல்லாரும் இங்கதான் இருக்கோம். உங்களுக்குத் தெரியாதா? புது குரூப் போட்டாங்களே."

யாமினியும் அக்கா வீட்டுக்கு வந்து போனவதான், பக்கத்துல மன்ரோங்கற ஊர்ல பெரிய வீடு கட்டிட்டுப் போயிட்டா. எனக்கும் அவளுக்கும் ஆகாது, ரெண்டு வருசமாப் பேச்சில்ல. அதனால என்னை விட்டுட்டா போல. ஃபோன அவகிட்டக் குடுன்னேன்.

"எழிலக்கா, கோவப்படாதீங்க"ன்னே ஆரம்பிச்சா. "ஆன்ட்டி வீட்ல இன்னும் வருஷம் முடியலல்ல? நாங்க போய் நின்னா, பாவம், அவங்க சமைக்கணும், ஸ்ட்ரெயின் பண்ணிக்கணும். அதான் இந்த வருஷம் நான் ஹோஸ்ட் பண்றேன்னு சொன்னேன். ஆன்ட்டி பாத்தா ஃபீல் பண்ணுவாங்கன்னுதான் அவங்கள விட்டுட்டுத் தனி குரூப் போட்டோம். தப்பா எடுத்துக்காதீங்க."

எதுவும் பொய்யில்ல, எல்லாம் நல்லெண்ணம். அதுதான் எனக்கு ஆத்திரத்தக் கெளப்பிருச்சு. கெட்ட எண்ணமா இருந்தா நாக்கப் புடுங்கற மாதிரி நாலு கேக்கலாம். "உங்க கரிசனத்துல இடி விழ!"ன்னு கத்தினேன். "அந்தம்மா காத்தாலருந்து வாசலப் பாத்துட்டு உக்காந்திருக்குது. தொண்டைக்குள்ள எறங்கினது போதும், எல்லாரும் கெளம்பி இங்க வந்து சேருங்க." கட் பண்ணிட்டு மூஞ்சியக் கழுவிட்டு வெளிய வந்தேன். அக்காகிட்ட மூச்சு விடல.

வந்தாங்க. ஒண்ணு, ரெண்டு, அப்பறம் தெரு பூராக் கார். அக்கா ஜன்னல் வழியாப் பாத்துட்டு ரஞ்சித் தோளப் புடிச்சு உலுக்கினாங்க. "வந்துட்டாங்க பாருடா! உங்கப்பன் வீட்டுக்கு வராம எங்க போவாங்க!" போர்வையெல்லாம் அள்ளிட்டு ட்ரையருக்கு ஓடினாங்க. எனக்கு அப்பத்தான் உசிரு வந்துச்சு.

ஆனா ஒருத்தரும் தொறந்து கெடந்த கராஜ் வழியா வரல. முன்வாசல் மணியடிச்சு, மெதுவா, தலையக் குனிஞ்சுட்டு வந்தாங்க. யாமினி லிப்ஸ்டிக்கத் தொடைச்சுட்டு, வெளிர் நெறத்துல ஒரு காட்டன் சுடிதார் மாத்திட்டு வந்திருந்தா. உள்ள வந்ததும் அக்காவக் கட்டிப் புடிச்சு விசும்பினா. அப்பத்தான் எனக்கு மண்டைல அடிச்ச மாதிரி ஒறைச்சுது. அண்ணன் போனதுக்கப்பறம் இவங்க இந்த வீட்டுக்குள்ள கால் வெக்கறது இதுதான் மொதத் தடவை. இவங்க துக்கம் கேக்க வந்திருக்காங்க.

அக்கா சூட்டோட போர்வைய ஆளுக்கொண்ணு நீட்டினாங்க. வாங்கி மடில வெச்சுட்டு சோபா நுனில உக்காந்தாங்க. யாரோ டிவிய அமத்திட்டாங்க. "அங்கிள் போட்டோ எங்க ஆன்ட்டி?"ன்னு யாமினி கேட்டா. ரஞ்சித் "நான் எடுத்துட்டு வர்றேன்"னு எந்திரிச்சான். "இல்ல சாமி, நானே போறேன்"னு படியேறிப் போயி, மாலையோட படத்தத் தூக்கிட்டு வந்தாங்க. வெக்கறதுக்கு எடமில்ல, டேபிள் பூராச் சாப்பாடு. யாமினியும் இன்னொருத்தியும் பிரியாணித் தட்டையும் டர்க்கியையும் ஓரமா நவுத்திட்டு, நடுவுல படத்த வெச்சாங்க. ஒவ்வொருத்தரா எந்திரிச்சு வந்து படத்தக் கும்பிட்டாங்க.

"எப்படி ஆச்சு ஆன்ட்டி?"ன்னு ஒருத்தர் கேட்டாரு. அக்கா பனி வாரின கதையச் சொன்னாங்க. அடுத்த கார்ல வந்தவங்க கேட்டாங்க, அவங்களுக்கும் சொன்னாங்க. அதுக்கடுத்த கும்பலுக்கும் சொன்னாங்க. ஒவ்வொரு தடவையும் கடேசில, "சாப்பிடுங்க, ஒரு வாயாச்சும்"னாங்க. "இல்ல ஆன்ட்டி, சாப்ட்டுட்டுத்தான் வந்தோம்." அதுவும் நெசம்தான், அங்கயே வயிறு நெறையத் தின்னாச்சே. மகிழன் மட்டும் பிரியாணியப் பாத்துட்டு எச்சில முழுங்கிட்டு உக்காந்திருந்தான். எனக்கு வாய் துடிச்சுது. ஆனா துக்கம் கேக்க வந்தவங்ககிட்ட, ஏன்யா சிரிக்க மாட்டேங்கறீங்கன்னு எப்படிச் சண்டை போடறது?

கெளம்பற நேரம் வந்துச்சு. மத்த வருசமெல்லாம் கெளம்பறதுக்கே பாதி ராத்திரி ஆயிரும். அடுத்த வருசம் மட்டன் பண்ணுங்க ஆன்ட்டி, அங்கிள் சீட்டுல ஏமாத்தறாரு, வர்றோம் ஆன்ட்டி, போயிட்டு வர்றோம் அங்கிள்னு ஒரே கூச்சல். அக்கா ஃபாயில் டப்பாவுல பிரியாணிய அடைச்சு எடுத்துட்டு வாசல்ல வந்து நின்னாங்க, எப்பவும் போல.

ஒருத்தரும் டப்பாவ வாங்கல. ஒருத்தரும் சொல்லிட்டுப் போகல. எந்திரிச்சாங்க, செருப்ப மாட்டினாங்க, லேசாத் தலையாட்டிட்டு எறங்கிப் போனாங்க. நம்மளுக்கெல்லாம் சின்ன வயசுலயே சொல்லி வளத்ததுதானே, துக்க வீட்லருந்து கெளம்பறப்ப போயிட்டு வர்றேன்னு சொல்லக் கூடாது, பேசாமப் போயரோணும். அமெரிக்கா வந்து எத்தனையோ மறந்து போச்சு, இது மட்டும் ஒருத்தருக்கும் மறக்கல. மகிழன் வாசல்ல அக்கா மூஞ்சியப் பாத்து வாயத் தொறந்தான். அவன் பொண்டாட்டி முழங்கையத் தொட்டா. வாய மூடிட்டு எறங்கிட்டான். அக்கா ஒவ்வொருத்தர் மூஞ்சியையும் வாயையும் பாத்துட்டே நின்னாங்க. கடேசிக் கார் திரும்பற வரைக்கும் டப்பாவக் கைல புடிச்சுட்டே நின்னாங்க.

உள்ள வந்ததும் ரஞ்சித் அம்மாவக் கட்டிப் புடிச்சுட்டான். நெசமான சந்தோசம் அவனுக்கு. "அம்மா, சீ? எவ்ரிபடி கேம்! யூ வின். வீட்ட விக்கல. நான் இனிமே கேக்கவே மாட்டேன், ப்ராமிஸ்."

அக்கா டப்பாவ டேபிள்ல வெச்சாங்க. "டிக்கெட் போடு சாமி"ன்னாங்க.

"வாட்? பட் தே ஆல் கேம்!"

"வந்தாங்க தங்கம். உங்கப்பாவப் பாக்க வந்தாங்க. பாத்துட்டுப் போயிட்டாங்க."

அவனுக்குப் புரியல. என்னைப் பாத்தான், நீங்களாவது சொல்லுங்கங்கற மாதிரி. அவனுக்கு நான் என்னத்தச் சொல்றது, எந்த பாஷைல சொல்றது? எனக்குக் கண்ணுல தண்ணி நிக்காம ஓடுச்சு. கோட்ட மாட்டிட்டு வாசல் வரைக்கும் வந்தேன். அந்தச் சம்பிரதாயம் எங்கயோ நாசமாப் போகட்டும்னு திரும்பி நின்னு, தெருவுக்கே கேக்கற மாதிரி, "நான் போயிட்டு வர்றேனுங்க்கா!"ன்னு சத்தமாச் சொன்னேன்.

அக்கா கிட்ட வந்து, என்ற கோட்டுப் பட்டனப் போட்டு விட்டாங்க.

"எங்க அம்மிணி வருவே?"ன்னாங்க.